தண்ணீரின் பிடி

துணி தைக்கும் ஊசியால் தகட்டின் துளை ஒவ்வொன்றையும் குத்தி, வாயால் ஊதிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் விரித்த செய்தித்தாள் மேல் காய்ந்த பாசி பொடிப்பொடியாக உதிர்ந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ள நர்ஸாக நான் வந்த மூன்று மாதமாக, மாலையானால் அவர் கைக்கு இதே வேலைதான்.

கப்பல் மாதிரிகளை நீளமான தண்ணீர்த் தொட்டியில் ஓட்டிப் பார்க்கும் இடத்தில் அவர் மெக்கானிக். மாதிரியின் அடியில் பொருத்தும் இந்தத் தகட்டின் துளைகள் வழியே காற்றைச் செலுத்தினால் பொடிக் குமிழிகள் பரவும். தண்ணீர் உரசுவது குறையும். கப்பல் லேசாக ஓடும். "தண்ணிக்கு இருக்கிற பிடி மனுசனுக்குக்கூட கிடையாது சிஸ்டர். நடுவுல கொஞ்சம் காத்து போனாத்தான் விடும்," என்பார். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் சோடா. மனைவிக்கும் அவர் சோடாதான்.

"சோடா சார், கப்பலுக்கு ஊதினது போதும். என்னைக் கொஞ்சம் மேல ஏத்திப் படுக்க வைங்க."

அங்கேதான் தப்பு நடக்கும். கால் பக்கம் சரிந்து கிடப்பவளை அக்குளில் கை கொடுத்து ஒரே இழுப்பாக இழுப்பார். விரிப்பு தோலைப் பிடித்துக்கொள்ளும். இடுப்புக்குக் கீழே பொத்தான் அளவு இருந்த படுக்கைப் புண் உள்ளங்கை அளவாயிற்று.

"இழுக்காதீங்க. விரிப்பைச் சுருட்டி ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கணும். என்னைக் கூப்பிடுங்க," என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"முப்பத்தெட்டு கிலோவுக்கு ரெண்டு பேரா? அதான் காத்து மெத்தை வாங்கிப் போட்டிருக்கேனே."

"காத்து இருக்கிறது மெத்தைக்குள்ள. தோலுக்கும் துணிக்கும் நடுவுல இல்ல."

செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஒரு நாள் டாக்டர் வந்து புண்ணின் கட்டைப் பிரித்தார். உள்ளே எலும்பு தெரிந்தது. மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். உடம்பு தாங்குமா என்று சோடா கேட்டபோது டாக்டர் புதுக் கட்டுப் போட ஆரம்பித்தார்.

"எதனால டாக்டர் இப்படி ஆச்சு?"

"உரசல்தான்," என்றார் டாக்டர்.

மாலையில் சோடா தகட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊசி துளையில் இறங்கவில்லை. கட்டிலிலிருந்து மனைவி, "உங்க தகட்டுல எத்தனை ஓட்டை. எனக்கு ஒண்ணே ஒண்ணு, அதுக்குப் போய் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க," என்றாள்.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் குனிந்து அவள் அக்குளில் கை கொடுத்தான். சோடா அந்தக் கையை எடுத்துவிட்டார். தன் பக்கத்து விரிப்பை அவள் உடம்பை ஒட்டும்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் நான் வந்து பிடிக்கும்வரை அசையாமல் நின்றார்.