கண்ணாடியில் இரண்டு தட்டு

பெர்னார்ட் எங்கள் ஆய்வகத்தில் பதினாறு வருடம் தினக்கூலி. ஒக்கலிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். போன மாதம் இறந்துபோனார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது.

1998இல் நான் ஆராய்ச்சி மாணவி. நாட்டு மாடுகளின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவில் இரண்டு வடிவங்கள் உண்டு. எந்த வடிவம் உள்ள கன்று வேகமாக எடை போடுகிறது என்பதுதான் என் ஆய்வு. இறைச்சிக்காக என்று கிராமத்தில் யாரும் சொல்ல மாட்டோம். 'உடல் வளர்ச்சி' என்போம்.

மாகடிக்கு அப்பால் ஒரு ஊரில் பெர்னார்ட் கன்றை எடை மேடையில் ஏற்றி, கண்ணாடிக்குள் இருக்கும் முள்ளைப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்வார். தள்ளி உட்கார்ந்து நான் எழுதுவேன். ரத்தம் எடுப்பதும் அவர்தான். நாற்பத்தொரு கன்றுகள்.

மறு வருடம் கணக்கு போட்டால் இரண்டு வடிவத்துக்கும் வித்தியாசமே இல்லை. எடைத் தாளைப் பெர்னார்டிடம் காட்டினேன். அவர் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இது தொண்ணூத்தி நாலு மேடம். எண்பத்தி நாலுன்னு போட்டிருக்கீங்க."

"நீங்கதான் அப்படிச் சொன்னீங்க."

"கன்னுக்காரரு கௌடரு பக்கத்துல நிக்கும்போது கொழுத்த கன்னோட எடைய அப்படியே சொல்ல முடியுமா? கண்ணு பட்டுடும்னு அப்புறம் கன்னையே அவுத்து விட மாட்டாரு. பத்து கொறச்சு சொல்லிட்டு, கண்ணாடில ரெண்டு தட்டு தட்டுவேன். ஓஸ்வால்ட் சார் பத்து சேத்து எழுதிக்குவாரு. உங்களுக்குச் சொல்லலியா அவரு?"

எனக்கு முன்பு எடை எழுதிய ஓஸ்வால்ட் மாற்றலாகிப் போயிருந்தார். போகும்போது இதை என்னிடம் சொல்லவில்லை. நன்றாக வளர்ந்த கன்றுகளுக்கு மட்டும் பத்து கிலோ குறைந்திருந்தது. எவையெவை என்று ஒன்றிரண்டைத் தவிர பெர்னார்டுக்கும் நினைவில்லை. கன்றுகள் சந்தைக்குப் போய்விட்டன.

அந்த மாதம்தான் அவரை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போக வேண்டியிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் காலை என்னையும் அழைத்துக்கொண்டு இயக்குநர் வெங்கடகிருஷ்ணன் அறைக்குப் போனார்.

"உன் தப்பா, இல்ல இந்தப் பொண்ணுக்காக ஏத்துக்கறியா?" என்று இயக்குநர் கேட்டார்.

"என் தப்புதான் சார். மேடம் புதுசு, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

கோப்பு மேலே போகவில்லை. எனக்கு வேறு ஊரில் புதிய கன்றுகள் கிடைத்தன. ஒன்றரை வருடம் தாமதமானாலும் பட்டம் வந்தது. வித்தியாசமும் தெரிந்தது, சிறியதுதான்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி ஜோசஃபின் காபி கொடுத்தார். "அவரு படுத்திருந்தப்ப ஆஸ்பத்திரில என்னையும் எடை மிஷின்ல நிக்க வெச்சாங்க மேடம். நர்சம்மாகிட்ட பத்து கிலோ கொறச்சு எழுதுங்கன்னாரு. அந்த நெலமையிலயும் கிண்டல்." சிரிக்கப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியில் அவர் தட்டியது எனக்குக் கேட்டிருந்தது. எடை போட்ட அன்று பலமுறை கேட்டது. முள் சிக்கியிருக்கும் என்று நினைத்து, ஏன் என்று அவரிடம் விசாரிக்காமல் விட்டேன். இயக்குநர் கேட்டபோது அதைச் சொல்லியிருக்கலாம். பாதித் தப்பு என்னுடையது என்றாகியிருந்தால், அந்தக் கோப்பு ஒருவேளை போயிருக்கும்.