வடித்த கஞ்சி

என் மகள் அந்தப் பத்து நாளில் எத்தனை கிண்ணம் கஞ்சித் தண்ணீர் குடித்திருப்பாள்? இன்னும் எனக்குத் தெரியாது. ஊட்டியவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். கேட்கத்தான் முடியவில்லை.

ஊட்டியவர் என் மாமனார். இங்கே மலேசியாவில், செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியானதும் ஈப்போவுக்கு எங்களோடு வந்துவிட்டார். நானும் கணவரும் வேலைக்குப் போனால், எட்டு மாத மகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர்தான்.

அவருடைய உள்ளங்கை முழுக்க மிளகு மிளகாகக் கெட்டியான முளைகள். முதுகில் கறுத்த தோலின்மேல் மழைத்துளி பட்டதுபோல் வெளிறிய புள்ளிகள். தோட்டத்தில் உழைத்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். போன மாதம் ஒரு முளை வெடித்து ஆறாமல் போகவே, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். “அங்கிள், தோட்டத்துல என்னா வேலை செஞ்சீங்க?”

“பால்மரம் சீவினேன். அதுக்கு முன்னால, பதினாலு வயசுல இருந்து பில்லுக்கு மருந்தடிச்சேன். முதுகுல டின்னு, வெறுங்காலு. மருந்து ஒழுகி கால்சட்டையே நனைஞ்சிரும்லா.”

அந்தக் காலத்துப் புல் மருந்தில் ஆர்செனிக் இருந்தது, பல வருடம் கழித்தும் அது தோலில் இப்படிக் காட்டும், சில முளைகள் புற்றாகவும் மாறலாம் என்றார் டாக்டர். சோதிக்கக் கொஞ்சம் சதை வெட்டி எடுத்தார்கள். மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“பச்சப்புள்ளைய தூக்குறேன் டாக்டர். அதுக்கு ஒட்டிக்குமா?”

“ஒட்டாது அங்கிள். நல்லா தூக்குங்க.”

அவர் நம்பவில்லை. ஒரு வாரம் குழந்தையைத் தொடவே இல்லை. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தவழ்ந்து போய் அவர் கைலியைப் பிடித்து இழுத்து அழுவாள். “போடி ஆயி, தாத்தா கையி ஆகாது” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் லீவு போட்டேன். புற்று இல்லை என்று முடிவு வந்தது. பிள்ளையைத் தொடாமல் இருந்ததற்கு டாக்டர் செல்லமாகத் திட்டி அனுப்பினார். அன்று வீட்டுக்கு வந்ததும் அவளைத் தூக்கினார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அந்த லீவில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆர்செனிக்கைப் பற்றிக் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். அரிசியும் மண்ணிலிருந்து அதைக் கொஞ்சம் உறிஞ்சுமாம். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால், அந்தத் தண்ணீரோடு இறங்கிக் குறையுமாம். வேலைக்குத் திரும்பிய நாள் முதல் குக்கரை மேலே தூக்கி வைத்துவிட்டு, பானையில் வடிக்க ஆரம்பித்தேன். காரணம் சொல்லவில்லை.

மாமாவுக்கு ஏக மகிழ்ச்சி. “இதுலா சோறு! குக்கருல வேகுறது பசை.”

பத்தாம் நாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். மகளை மடியில் வைத்து, வடித்த தண்ணீரில் உப்புப் போட்டு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு சொட்டு வீணாக்கலம்மா. சோத்துச் சத்தெல்லாம் இதுலதான் எறங்கியிருக்கு. நீ கொட்டிருவேன்னு தெனமும் எடுத்து வச்சிருவேன்.”

அவள் வாயைத் திறந்து இன்னும் கேட்டாள்.

கிளினிக் தாதியிடம் கேட்டேன். சில நாள் குடித்ததற்குப் பயப்பட வேண்டாம், இனி கொடுக்காதீர்கள், வேறு தானியமும் மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்றார். மறுநாள் மாமா எழும் முன்பே கொட்டினேன்.

“கஞ்சி எங்கம்மா?”

“மறந்துபோய் கொட்டிட்டேன் மாமா.”

அதற்கடுத்த நாளும் அதே பொய். நேற்று அவரே சொல்லிவிட்டார்: “உனக்கு வேலை டென்ஷன். நாளையில இருந்து நானே வடிக்கிறேன். நீ கெளம்பு.”

இன்று லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறேன். நாளைக்கு என்ன செய்வேன்? உண்மையைச் சொன்னால் ஆர்செனிக் என்று சொல்லியாக வேண்டும். அவர் கொடுத்ததில் அது இருந்தது என்று தெரிந்தால், மறுபடி அவளைத் தூக்குவாரா?

வீட்டுப் பெரியவர்களை நம்பிப் பிள்ளை வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த வார்த்தையில் இதை அவரிடம் சொல்லலாம் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.