விட்டுப்போன பங்குனி

வக்கீல் குமாஸ்தா வைகுண்டராஜ் வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் எல்லாரும் சலித்துக்கொள்கிறார்கள். வாரிசு விவகாரம் ஒன்றைக் கேட்டுவிட்டால் போதும். எந்த வருஷத்துச் சட்டம், எந்த மாதத்திலிருந்து செல்லும், யாருக்குச் செல்லாது என்று முழுசாக ஒப்பித்த பிறகுதான் ஆளை விடுவார்.

முன்பு அப்படியில்லை. 1990 வாக்கில் அவர் பேச்சுக்கென்றே ராஜபாளையத்திலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சாவு விழுந்த வீடோ, பாகப்பிரிவினையோ, புருஷன் தள்ளிவைத்தவளோ, வக்கீல் அரை மணி நேரம் சுற்றி வளைப்பதை இவர் கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

1990 சித்திரையில் சோழபுரம் மாரிசாமி இறந்துபோனார். தாய் ஏற்கெனவே இல்லை. பூர்வீக நிலத்துக்கு வாரிசு மகன் சோலைராஜும் மகள் வெள்ளைத்தாயும்தான். காரியம் முடிந்த கையோடு சோலைராஜ் கோர்ட் டீக்கடைக்கு வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளைக்கும் பங்கு உண்டுன்னு சட்டம் வந்திருக்காமே?"

"கன்னிப் பிள்ளைக்கு உண்டு. கட்டிக் கொடுத்த பிள்ளைக்குக் கிடையாது. அம்புட்டுதான்ப்பா."

அவ்வளவுதான் இல்லை. சட்டம் நடப்புக்கு வந்தது முந்தின வருஷம், 1989 பங்குனியில். அதற்கு முன்னால் கல்யாணமானவர்களுக்குத்தான் மகனுக்குச் சமமான பங்கு கிடையாது. அன்றைக்குக் கன்னியாக இருந்தவள் பிறகு கழுத்தை நீட்டினாலும் பங்கு போகாது. வைகுண்டராஜுக்கு இது நன்றாகத் தெரியும். காட்டு வேலை பார்க்கிறவனுக்குத் தேதி எதற்கு என்று விட்டுவிட்டார்.

ஆவணியிலேயே வெள்ளைத்தாய்க்குக் கல்யாணம். "அப்பா செத்துத் தலைவருசம் ஆகுறதுக்குள்ள முடிச்சாகணும், இல்லேன்னா மூணு வருசம் தள்ளிப்போயிரும்" என்றான் சோலைராஜ். துக்க வீட்டு வழக்கம்தானே என்று யாரும் மறுபேச்சு பேசவில்லை. மாப்பிள்ளைக்கு மகாராஜபுரம். அவன் முதல் மனைவி கிணற்றில் விழுந்து செத்திருந்தாள். ஏன் விழுந்தாள் என்று சோலைராஜ் விசாரிக்கவில்லை. வைகுண்டராஜும் போய் மொய் எழுதி, பந்தியில் வயிறாரச் சாப்பிட்டு வந்தார்.

நாலு வருஷம் கழித்து, ஜீவனாம்சம் கேட்கலாமா என்று விசாரிக்க வெள்ளைத்தாய் அதே டீக்கடைக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கண்ணாச்சி. அவரு அடிச்சதுல அந்தக் காது கேக்காது."

வைகுண்டராஜ் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஜீவனாம்சம் பொறவு பாத்துக்கிடலாம் தாயி. ஒங்கப்பா நெலத்துல ஒனக்குப் பாதி உண்டு."

"கட்டிக் கொடுத்துட்டாக் கிடையாதுன்னு நீங்கதான சொன்னீகளாம்? அதுக்குத்தான என்னை அம்புட்டு அவசரமாத் தள்ளிவிட்டான். போன மாசம் பங்கு கேட்டப்ப எங்கண்ணனே மூஞ்சிக்கு நேரா சொன்னான்."

வைகுண்டராஜுக்கு மறைக்க மனசு வரவில்லை. பங்குனிக் கணக்கை முழுசாகச் சொன்னார். அந்தக் கல்யாணத்தால் சோலைராஜுக்கு ஒரு பிடி மண்கூட மிச்சமாகவில்லை என்றும், அன்றைக்கே இதைச் சொல்லாமல் விட்டது தான்தான் என்றும் சொன்னார்.

வெள்ளைத்தாய் அழவில்லை.

"அந்தப் பங்குனியச் சொல்றதுக்கு எம்புட்டு நேரம் ஆவும், அண்ணாச்சி?"

அவர் கையிலிருந்த டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது.