கடலில் கிடந்த வீடு

நல்லம்பள்ளியில் வீட்டிலிருந்தபடியே மொபைல் ஆப் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஏரியூர்ப் பக்கம் வீடு வீடாகப் போகும் நர்ஸ்களுக்காக ஒன்று எழுதினேன். திறந்ததும், அவரவர் பார்க்க வேண்டிய வீடுகள் எல்லாம் திரைக்குள் அடங்கும்படி வரைபடம் வந்து நிற்க வேண்டும். அதற்கே மூன்று வாரம் போயிற்று. கொடுத்துவிட்டு, இனி அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று இருந்தேன்.

இரண்டாம் நாளே ஒரு நர்ஸ் அக்கா கூப்பிட்டார்.

"சார், தொறந்தா கடலு வருதுங்க. வேற ஏதோ தேசம் வருது. நம்மூரு ஓரத்துல ஒரு பொட்டாட்டம் கெடக்குது."

அவருடைய பட்டியலைப் பார்த்தேன். நாற்பத்தொரு வீடுகள். ஒரு வீட்டுக்கு மட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இடம் பதிய வேண்டிய இரண்டு கட்டங்களிலும் பூஜ்யம். இரண்டும் பூஜ்யமாகும் இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடலில் இருக்கிறது. அதையும் ஏரியூரையும் ஒரே திரையில் அடக்கத்தான் ஆப் பாதி உலகத்தை விரித்திருந்தது. பூஜ்யம் இருந்தால் விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். படம் கச்சிதமாக நின்றது.

மத்தியானம் மறுபடியும் அவரே.

"ஊரு வந்துருச்சுங்க. ஒரு வூடு கொறையுது."

"அதுக்கு எடம் பதியலைக்கா. அதான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா? அந்த வூட்டுப் புள்ள ஏழு மாசம் முழுகாம இருக்குதுங்க. அடுத்த வாரம் எனக்கு முட்டி ஆப்பரேசன். புதுசா வர்ற பொண்ணு படத்தப் பாத்துத்தான் போவும். படத்துல இல்லாத வூட்டுக்கு அது எப்படிங்க போவும்?"

அந்த வீட்டின் பதிவை மறுபடி திறந்து பார்த்தேன். மரங்களுக்கு நடுவே போன் இடத்தைக் கண்டுபிடிக்க நேரமாகும். என் ஆப் அதுவரை பொறுக்காமல் பூஜ்யத்தை எழுதி வைத்திருந்தது. தப்பு என்னுடையது.

மறுநாள் பென்னாகரம் போய், பஸ் மாறி ஏரியூரில் இறங்கினேன். அந்த வீடு இருந்த மலையில் அக்காவோடு ஏறினேன். வழியில் மூன்று முறை முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வழியை மட்டும் சொல்லுங்கள், நான் போய்க்கொள்கிறேன் என்றேன். "தெரியாத ஆளுன்னா அந்தப் புள்ள கதவு தொறக்காதுங்க" என்று எழுந்தார். எனக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கர்ப்பிணிப் பெண் வாசலில் சாமை காய வைத்திருந்தாள். பக்கத்துப் பாறைமேல் ஏறி, போனை வானத்துக்குக் காட்டியபடி வெயிலில் நின்றேன். கை கடுத்தது.

"எங்க வூடு தெரியுதுங்களா?" என்று கீழிருந்து கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா."

மூன்றாவது முறை கேட்டபோது எண்கள் வந்தன. திரையில் நாற்பது புள்ளிகளும் கொஞ்சம் ஒடுங்கி, மேல்மூலையில் ஒரு புள்ளிக்கு இடம் விட்டன. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அடங்கிடுச்சுங்க" என்றார்.

வீடு திரும்பியதும் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, இடம் கிடைக்கும்வரை ஆப்பைக் காத்திருக்க வைத்தேன். அப்புறம் மற்ற நர்ஸ்களின் பட்டியல்களைத் திறந்தேன். இன்னும் ஆறு பூஜ்யங்கள் இருந்தன. அன்றைக்கு அதற்குமேல் முடியவில்லை. ஆறையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தார். புதிதாக வந்த நர்ஸ் தவறாமல் மேலே போய்வந்தாளாம். மலை வீட்டுப் பெண்ணுக்குப் பென்னாகரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தையாம். "என் முட்டிதானுங்க இன்னும் மடங்க மாட்டேங்குது" என்றார்.