முனகாத சர்வோ

மணவாளக்குறிச்சியிலிருந்து திங்கள்நகர் போகும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். சட்டைக்குள் ரோஜா இதழ்கள். தலைமுடியில் காய்ந்த ஓலைத் துணுக்கு. பின்னால் பைக்கில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏலே, சர்ச்சுல ஹெலிகாப்டர் விட்ட ஆளு நீதான?"

"இல்லண்ணே. எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

அவர் நம்பவில்லை. நல்லவேளை, என் பையைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. உள்ளே ஒரு மாற்றுச் சட்டை, பல்பொடி, கருகிப்போன ஒரு சர்வோ.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் வரலாறு தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. பிறகு ஐஸ் பிளான்ட், ஹோட்டல், செங்கல் சூளை... எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. மார்த்தாண்டத்தில் செல்வின் அண்ணனின் வீடியோ கடையில்தான் கொஞ்சம் வேர் பிடித்தேன். போட்டோவுக்குப் பின்னால் தொங்கவிடும் திரைதான் எனக்குப் பாய். சுவிட்சர்லாந்து மலை வரைந்தது. கொசு மட்டும் உள்ளூர்.

மஸ்கட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கம்பளியும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். அண்ணன் கொண்டுவந்தது ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர். பொம்மை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். சர்ச்சில் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வரும்போது சொந்தக்காரர்கள் பூ தூவுவார்கள் அல்லவா? அதை இவர் வானத்திலிருந்து தூவுவார். அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் பூ. ரிமோட்டைத் தட்டினால் மூடி திறக்கும். மாவட்டத்தில் வேறு யாரிடமும் இல்லாத தொழில்!

அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவின் தம்பி ஆரோக்கியம் ஒரு நிபந்தனை போட்டார்.

"மச்சான், உமக்கு மஸ்கட்டுக்கு விசா ரெடி. வியாழக்கிழம ஃப்ளைட்டு. திங்கக்கிழம கல்யாணத்துல உமக்க பறவ பூவ ஒழுங்கா போட்டுதுன்னா விசாவ வேற ஆளுக்குக் குடுக்கேன். போடல்லேன்னா, நீரு பெட்டியக் கட்டும்."

அண்ணன் வருஷக்கணக்காகப் பாலைவனத்தில் காய்ந்தவர். மகள் அவரை "போன் அப்பா" என்று சொல்லித்தான் வளர்ந்தாள். இனிமேல் போகக்கூடாது. அவ்வளவுதான் அவருடைய ஆசை.

இப்போது சர்வோவுக்கு வருவோம். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. உள்ளே குட்டி மோட்டார், பல்சக்கரங்கள். வெளியே ஒரு சின்னக் கை. ரிமோட் சொல்வதை அந்தக் கைதான் செய்யும். மேல் இறக்கையைச் சாய்க்க மூன்று, டப்பா மூடிக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. வாலில் இருப்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக இருக்கவேண்டும். அது கொஞ்சம் தூங்கினாலும் மொத்த மெஷினும் பம்பரமாகிவிடும்.

அனலாக், டிஜிட்டல் என்று இரண்டு ஜாதி. அண்ணன் யோசிக்கவே இல்லை — டிஜிட்டல்! அந்த வார்த்தைக்கு நம் ஊரில் இருக்கிற மரியாதை தனி. டிஜிட்டல் பேனர், டிஜிட்டல் எக்ஸ்ரே... குழித்துறைப் பக்கம் ஒரு கடையில் டிஜிட்டல் புட்டுக்குழல்கூடப் பார்த்தேன்.

வித்தியாசம் இதுதான். அனலாக் சர்வோ உத்தரவை ஆற அமரக் கேட்கும். டிஜிட்டல் நொடிக்குள் திரும்பத் திரும்பக் கேட்டு, சொன்ன இடத்தில் விறைப்பாக நிற்கும். பாரத்தைத் தாங்கி நிற்கும்போது ம்ம்ம் என்று மெதுவாக முனகும். முனகினால் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதை பிரவுசிங் சென்டரில் ஒரு வெள்ளைக்காரன் வீடியோவில் விளக்கினான். எங்களுக்குப் புரிந்தது முனகல் மட்டும்தான்.

"இது என்னலே பாட்டு பாடுது? கம்ப்ளைன்ட் பீஸத் தள்ளிவிட்டுட்டான்" என்றார் ஆரோக்கியம்.

நம் மாவட்டத்தில் கதவு கிரீச்சிட்டால் தேங்காயெண்ணெய். காலில் வெடிப்பா? தேங்காயெண்ணெய். சைக்கிள் செயினுக்கும் அதுதான். அண்ணன் வால் சர்வோவின் திருகுகளைக் கழற்றி இரண்டு சொட்டு விட்டார். முனகல் குறைந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

விழுந்தாலும் உடையாது என்று பயிற்சிக்குக் கடற்கரை மணலைத் தேர்ந்தெடுத்திருந்தோம். மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணல் மாவு மாதிரி இருக்கும், காந்தத்தைக் காட்டினால் ஓடிவரும். மோட்டாரில் இருப்பது காந்தம். பல்சக்கரத்தில் இருப்பது எண்ணெய். மணலுக்கு வேறு என்ன அழைப்பிதழ் வேண்டும்? உள்ளே போய் அம்மி அரைக்க ஆரம்பித்தது.

வால் உதறியது. உடனே ஆளுக்கொரு மருத்துவம். பேட்டரி என்றார் ஒருவர். செல்போன் டவர் என்றார் இன்னொருவர். வலை காயப்போட வந்த பெரியவர், கண்ணேறு என்று சொல்லி எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். பாரம் கூடி இன்னும் உதறியது.

சரியான வழி எளிது. சந்தேகத்துக்குரிய சர்வோவைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டவேண்டும். உதறலும் கூடவே போனால், குற்றவாளி அதுதான். ஆபீசர்களை அரசாங்கம் டிரான்ஸ்ஃபர் செய்வதும் இந்த முறையில்தான். உதறல் கூடவே போனதா என்றுதான் யாரும் பார்ப்பதில்லை. நாங்கள் பார்த்தோம். போயிருந்தது. கையால் திருப்பினால் உள்ளே நறநற.

புதிய வால் சர்வோ பார்சலில் வந்தது. மேலே பளபளவென்று "டிஜிட்டல்" ஸ்டிக்கர். மாட்டினோம். சத்தமே இல்லை.

"பாத்தியா மக்கா! இதுதான் நல்ல சாதனம். என்ன அடக்கம்!" அண்ணன் அதற்கு முத்தம் கொடுத்தார்.

திங்கட்கிழமை. மணவாளக்குறிச்சி சர்ச் வாசலில் பேண்டு வாத்தியம். மாப்பிள்ளையும் பெண்ணும் படியிறங்கினார்கள். பறவை எழும்பியது, மூடி திறந்தது, முதல் பிடி பூ பெண்ணின் முக்காட்டு நெட்டின்மேல் இறங்கியது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்புறம் வால் போயிற்று. மெஷின் சுழன்றது. மீதிப் பூ பாதிரியார், பேண்டுக்காரர், கல்யாணத்துக்கே வராத ரோட்டு ஜனம் என்று சகலருக்கும் பட்டுவாடா ஆனது. அண்ணன் பதறாமல் ஆளில்லாத பக்கம் ஒதுக்கி மோட்டாரை அணைத்தார். சாமான் அறையின் ஓலைக்கூரையில் அது சொருகி நின்றது.

எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு... கைதட்டல்!

"கொள்ளாம் மக்கா! அடுத்த மாசம் எனக்க மவளுக்குக் கல்யாணம். இதே மாதிரி சுத்தணும் கேட்டியா, கொறையப்பிடாது!" என்றார் ஒரு மீசைக்காரர்.

நான் கூரையில் ஏறினேன். டப்பாவின் சர்வோவும் இறக்கை சர்வோக்களும் அங்கேயும் முனகிக்கொண்டிருந்தன. வாலில் இருந்தது மட்டும் ஊமை. தொட்டால் சுட்டது. ஸ்டிக்கர் சூட்டில் உரிந்து கையோடு வந்தது. அடியில் அந்த வார்த்தையே இல்லை. சாதா அனலாக். டிஜிட்டலுக்கான அவசர உத்தரவுகளைத் தாங்கமுடியாமல், சத்தம் காட்டாமல், உள்ளுக்குள்ளேயே வெந்திருக்கிறது.

கீழே ஆரோக்கியம் சொல்லிக்கொண்டிருந்தார். "பூ விழுந்துது மச்சான். நான் வாக்கு மாறமாட்டேன். விசாவ வேற ஆளுக்குக் குடுத்துருதேன்."

அண்ணன் ஜெயித்துவிட்டார்! ஆனால் அவர் பார்த்தது மச்சானை அல்ல, ஸ்டெல்லா அக்காவை. அக்கா தினமும் முனகுகிறவர். அரிசி தீர்ந்தது, கூரை ஒழுகுகிறது, உமக்க பறவைக்குத் தீனி போட்டே நான் செத்தேன்... காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போதுகூட முனகினார். இப்போது கூரையைப் பார்த்தபடி நின்றார். ஒரு சொல் இல்லை.

நான் சர்வோவை அண்ணன் கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார்.

"ஏட்டி, என்னமாவது சொல்லு."

அக்கா கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆரோக்கியம், விசாவ வேற ஆளுக்குக் குடுக்காண்டாம்" என்றார் அண்ணன். "சத்தம் காட்டாததுதான் உள்ள வேவுது. நான் போறேன்."

அப்போதுதான் அக்காவுக்குக் குரல் வந்தது. "அங்க போயாவது நேரத்துக்குத் தின்னும். மருந்த மறக்காதயும். சொன்னாக் கேக்கவா போறீரு..." அண்ணன் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

சர்வோவை என்னிடமே திருப்பித் தந்தார். கடை ஷட்டர் இறங்கினால் சுவிட்சர்லாந்தும் சுருட்டப்படும். சொல்லிக்கொண்டு நடந்தேன். தக்கலை வந்து ஒரு கடை வாசலில் படுத்தேன்.

மறுநாள் காலை பத்மநாபபுரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை கிடைத்தது. அலங்கார வளைவின் உச்சியில் மூங்கிலைக் கட்டிப்பிடித்து உட்காரவேண்டும். மடியில் ஒரு பை இதழ். மாப்பிள்ளையும் பெண்ணும் அடியில் வரும்போது கையால் தூவவேண்டும். பேட்டரி வேண்டாம்.

வெயில் ஏறியது. கால் மரத்தது. டெக்கரேஷன்காரர் கீழிருந்து கத்தினார்.

"மேல என்னலே முனங்குத?"

"ஒண்ணும் இல்லண்ணே. வேல செய்யுதுன்னு அர்த்தம்!"