பீபி ஜான் முன்னால் போய்ப் பார்த்தது

பீபி ஜானின் கை விரல்கள் என்ன நிறம் என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். ஆடியில் அம்மன் திருவிழாக்களுக்காகச் சிவப்பும் மஞ்சளும். தர்காவில் உரூஸ் விழா வந்தால் பச்சை. கார்த்திகைக்கு எல்லாச் சாயமும் கலந்து சேறு மாதிரி ஒரு நிறம். சீரியல் பல்புகளை ஒவ்வொன்றாகச் சாயத்தில் முக்கிக் காயவைப்பது அவள் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் சோறு பிசையும்போது அந்த வாடை வரும்.

கணவர் மஸ்தான் தொழிலுக்கு எலக்ட்ரீஷியன். வீடுகளுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்திருந்தாலே குடும்பம் நிம்மதியாக ஓடியிருக்கும். மனுஷனுக்கு அதில் மனசு போகவில்லை. எழுபத்தொன்றில் மைக்செட் கடையில் வேலை பார்த்தபோது, வெளியூரிலிருந்து திருவிழாவுக்கு வந்த ஒரு பல்பு போர்டைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ஒரு மர உருளையில் செப்புத் தகடுகளை அடித்து மோட்டாரில் சுழலவிட்டால், தகடு தொடுகிற வரிசை மட்டும் எரியும், அது அணைந்து அடுத்தது எரியும், பார்க்கிறவனுக்குப் பல்பு ஓடுவதுபோல இருக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். அதற்குள் போய் அவர் தன் ஆயுசையே போட்டுவிட்டார். தோகை விரிக்கும் மயில், தண்ணீர் பீய்ச்சும் யானை, புகை விட்டுக்கொண்டு போகும் ரயில் என்று ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் உட்காருவார். ஒரு சீசனில் ஜனங்களுக்கு அலுத்துவிடும். பிரித்துப் போட்டுவிட்டு, "அடுத்த வருஷம் பாரு பீபி" என்பார்.

அடுத்த வருஷம் வரைக்கும் அடுப்பு எரிய வேண்டுமே. அதை எரியவைத்தது பீபி ஜானின் தையல் மெஷின். தெருவிலுள்ள பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தாள். பெடலை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்துவிட்டது. கோபம் வராமல் இருக்குமா? வந்தது, கத்தவும் கத்தினாள். கத்தி முடித்த கையோடு சாயக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஆரம்பத்தில் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு 'நல்வரவு' என்று போர்டு செய்து கொடுத்தார். ராத்திரி பகலாகப் பின்பக்கம் உட்கார்ந்து செய்ததால் பின்பக்கத்திலிருந்துதான் படிக்க முடிந்தது. முன்னால் நின்றவர்களுக்குக் கண்ணாடியில் பார்த்த எழுத்து. மாப்பிள்ளை வீட்டார் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதிலிருந்து எழுத்தை மட்டும் திருப்பிப் போட மறக்கமாட்டார். மயிலுக்கும் யானைக்கும் எந்தப் பக்கம் திரும்பினால்தான் என்ன?

திருவிழா நாட்களிலும் பீபி ஜானுக்கு விடுதலை கிடையாது. ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். செத்தது எது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க ஓர் ஆள் பின்னாலேயே இருக்க வேண்டும். அந்த ஆள் அவள்தான். ஊரே முன்னால் நின்று வாய் பிளந்த எந்த போர்டையும் அவள் முன்னாலிருந்து பார்த்ததில்லை.

எண்பத்து நாலில் மளிகைக்கடை சக்கரபாணி ஒரு வேலை கொண்டுவந்தார். தீபத் திருநாளுக்கு அவர் தெரு விழாக் கமிட்டி சார்பில் பெரிய போர்டு. மஸ்தான் யோசிக்கவே இல்லை. பல வருஷமாக மனசில் இருந்தது அது. மலை, உச்சியில் தீபம், அடிவாரத்தைச் சுற்றி வரிசையாக நடந்துபோகிற ஜனங்கள். ஒரு பல்பு ஒரு ஆள்.

"இத்தோட போதுங்க, எனக்கு முடியல" என்றாள் பீபி ஜான். "செஞ்சித் தரேன். ஆனா தீபத்தன்னிக்கு நான் பின்னாடி குந்தமாட்டேன். ஒரு தடவையாவது முன்னாடி நின்னு பாக்கணும்."

"ராணி மாதிரி நாற்காலி போட்டுக் குந்தவெக்கிறேன்" என்றார் அவர்.

சந்து வீட்டில் போர்டைச் சுவரோரம் சாய்த்துவைத்துப் பின்பக்கத்திலிருந்தே செய்து முடித்தார்கள். மோட்டார் பெல்ட் நைந்துபோனதால் அவளுடைய தையல் மெஷினின் தோல் பெல்ட்டைக் கழற்றி மாட்டினார். தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் வந்து கேட்டபோது அவள்தான் பதில் சொன்னாள்.

தீபத்தன்று சாயங்காலம் பந்தலில் போர்டை நிறுத்தி, சாக்குப் படுதா போட்டு மூடியிருந்தார்கள். மலையில் தீபம் தெரிந்ததும் படுதாவை எடுத்து சுவிட்ச் போடுவதாக ஏற்பாடு. ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று மஸ்தான் பின்னாலிருந்து மோட்டாரைப் போட்டார். பீபி ஜான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்து, படுதாவுக்குள் தலையை நுழைத்தாள்.

மலை நின்றது. அவள் முக்கிய ஒவ்வொரு பல்பும் உயிரோடு இருந்தது. இதற்காகத்தானா இத்தனை வருஷம் என்று நினைத்தாள். அப்புறம் பல்பு ஜனங்களைப் பார்த்தாள். தலையை வெளியே எடுத்து, தெருவில் கிரிவலத்துக்குப் போய்க்கொண்டிருந்த கிராமத்து ஜனங்களைப் பார்த்தாள். மறுபடி உள்ளே பார்த்தாள்.

மலையை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவதுதான் வலம். போர்டில் இருந்த ஜனம் முழுக்க மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தது.

சக்கரபாணி நல்லவர், ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் இத்தனை கூட்டத்தில், பாய் வேணும்னே பண்ணிட்டாரு என்று ஒரே ஒரு வாய் சொன்னால் போதும். பிறகு இந்த ஊரில் யார் முகத்தில் விழிப்பது?

மஸ்தான் வந்து பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"பின்னாடி குந்திதானே செஞ்சேன். எனக்குச் சரியாத்தான் போச்சு."

"ஒயரை மாத்த முடியாதா?"

"எல்லாம் ஈயம் வெச்சிப் பத்தவெச்சது. முழுசா ஒரு நாள் வேணும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மோட்டார் எரிஞ்சிபோச்சின்னு சொல்லிடறேன். போதும் பீபி. எனக்கு முடியல."

அவளுக்குக் கோபம் வந்தது. முடியல என்று சொல்ல வேண்டியவள் அவள். அதைக்கூட அவர் எடுத்துக்கொண்டாரா? பின்பக்கம் போனாள்.

உருளையையும் மோட்டாரையும் சேர்த்துக்கொண்டு அவளுடைய பெல்ட் கிடந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள் தெரியாமல் அதை முறுக்கி மாட்டிவிட்டு, சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்து, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவில் வந்தது. மோட்டாரை நிறுத்தினாள். பெல்ட்டைக் கழற்றி எட்டு மாதிரி முறுக்கினாள். நீளம் போதவில்லை. ஆணியைப் பிடுங்கி, மோட்டார்ப் பலகையைக் கிட்டே நகர்த்தி மாட்டினாள்.

மோட்டாரைப் போட்டதும் உருளை மறுபக்கம் சுற்றியது. ஆனால் பிடிப்பில்லாத பலகை குதித்தது. அங்கே ஆணி அடிக்க மரம் கிடையாது, கீழே மண்தான். தரையில் உட்கார்ந்து அதை வலது காலால் அழுத்தினாள். குதிப்பது நின்றது.

அதற்குள் தெருவே அதிர அரோகரா கேட்டது. மலையில் தீபம் ஏற்றிவிட்டார்கள். படுதா விழுந்தது.

"நீங்க போங்க" என்றாள், பின்னால் ஓடிவந்து நின்றவரிடம். "சரியாப் போவுதான்னு பாருங்க."

அவர் போனார். பின்னாலிருந்து பார்க்க எல்லாப் பல்பும் தப்பான பக்கம் நடந்தது. அதனால் முன்னால் சரியாக இருக்கும் என்று தெரிந்துகொண்டாள். போர்டின் மறுபக்கம் ஜனங்களின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. காலை எடுக்கவில்லை. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

வெகுநேரம் கழித்து மஸ்தான் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஒரு பொம்பள புள்ளைய இடுப்புல வெச்சிக்கினு போர்டையே கும்பிட்டா பீபி. சக்கரபாணி என் கைய வுடவே இல்ல. ஏந்திரி, நான் மிதிக்கிறேன். நீ போய்ப் பாரு."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் மரத்துப் போயிருந்தது, அசையவில்லை.

"நான்தான் பாத்துட்டேனே" என்றாள்.

அவள் பார்த்தது ஜனம் தப்பாகச் சுற்றிய மலையை மட்டும்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தார்.

"அடுத்த வருஷம்னு ஒரு வார்த்த சொன்னீங்க, இப்பவே காலை எடுத்துடுவேன்."

மஸ்தான் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, அவள் காலுக்கு அருகே தன் காலையும் பலகைமேல் வைத்து அழுத்திக்கொண்டார்.