ராஜாவுக்கு ஆகாத நட்சத்திரம்

நெருக்கடி நிலைக் காலத்தில் நான் எவ்வளவு பெரிய வீரன் என்றால், வீட்டுச் சட்னியில் உப்பு போதவில்லை என்பதைக்கூட சன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்வேன். 1976, மாசி மாதம். செங்கல்பட்டில் வாத்தியார் வேலை. மாநில ஆட்சியைக் கலைத்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. பத்திரிகைகளில் படிக்க ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு ரயில்களெல்லாம் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தன. பள்ளிக்குத் தாமதமாகப் போக எனக்கிருந்த ஒரே சாக்கும் போயிற்று.

இந்த எரிச்சலில் இருந்தபோதுதான், விடியுமுன் கிழக்கே ஒரு வால் நட்சத்திரம் தெரிகிறதென்று வெளிநாட்டு வானொலியில் கேட்டேன். மறுநாள் ரயில்வே ஸ்டேஷன் எதிரே டீக்கடையில், ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய் அதைப் பார்க்கப்போகிறேன் என்று ஊருக்கே கேட்கும்படி அளந்துகொண்டிருந்தேன். என் நண்பர், செருப்புக்கடை பாய், "வால் நட்சத்திரம் வந்தா ராஜாவுக்கு ஆவாதுன்னு சொல்லுவாங்களே" என்றார். அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். நாலு புத்தகம் படித்தவனுக்கு அது முடிகிறதா?

"ராஜாவுக்கு மட்டுமா பாய், ராணிக்கும்தான் ஆகாது" என்றேன்.

கடையில் கிளாஸ் கழுவும் சத்தம்கூட நின்றுவிட்டது. மூலையில் இருந்த ஒருவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்து வெளியேறினார். ஒட்ட வெட்டிய கிராப்பு. வேட்டிக்குக் கீழே பழுப்பு பூட்ஸ். மஃப்டி போலீஸ் என்பது குழந்தைக்கும் தெரியும்.

"ஏன்யா வாத்தியாரே, நட்சத்திரத்தோட நிறுத்த மாட்ட? அரமனைக்குள்ளாற போயே தீரணுமா?" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

இதைவிடக் குறைவாகப் பேசிய ஒருவர் எங்கள் தெருவிலிருந்தே உள்ளே போயிருந்தார். வேலை போகும், அல்லது நானே போய்விடுவேன். யார் கதவைத் தட்டினாலும் கொல்லைப்பக்கம் ஓடினேன். தட்டியது பெரும்பாலும் பால்காரர். சனிக்கிழமை சாயங்காலம் பாய் என்னை இழுத்துக்கொண்டு மாமல்லபுரத்தில் தன் உறவினர் வீட்டுக்குப் போனார். வீட்டில் இருந்தால் சுலபமாகப் பிடிப்பார்கள், வெளியூரில் தேடவாவது வேண்டும் என்பது திட்டம். போகிற இடத்தை டீக்கடையில் நானே அறிவித்திருந்தது இரண்டு மேதைகளுக்கும் நினைவில்லை.

விடியுமுன் மணலில் உட்கார்ந்திருந்தோம். வானமெல்லாம் மேகம். "இதுக்கா தூக்கத்தக் கெடுத்த?" என்று பாய் முனகிக்கொண்டிருந்தபோது, பின்னால் பூட்ஸ் மணலில் புதைகிற சத்தம். அதே ஆள். அவர் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க சார் கீது அது?"

"சார், அன்றைக்கு நான் சும்மா, விளையாட்டுக்கு…"

"அத்த வுடு சார். மெய்யாலுமே அவங்களுக்கு ஆவாதா?" குரல் இறங்கிவிட்டது. "என் மச்சான் உள்ள கீறான், போஸ்டர் ஒட்னான்னு. எந்த ஜெயிலுன்னு எனக்கே சொல்ல மாட்டேன்றாங்க. வூட்ல அவ அழுதுகினே கீறா."

"அப்ப ரிப்போர்ட்டு?" என்றார் பாய், காரியத்தில் கண்ணாக.

"எழுதுனா நட்சத்திரத்தத்தான மொதல்ல புடிக்கணும்?"

அப்போது மேகம் விலகியது. கடலுக்குச் சற்று மேலே, விசிறியாக விரிந்த வெள்ளை வால், நடுவானத்தை நோக்கி எழுந்து நின்றது. தணிக்கை அதிகாரி யாரும் பார்த்து முத்திரை குத்தாத ஒன்றை நான் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. அத்தனை நாளும் பயத்தில் மூடிக்கிடந்த வாய், அன்றுதான் பயமில்லாமல் மூடியது.

வால் நட்சத்திரம் வெறும் பனியும் தூசியும், அதற்கு ஆட்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று வகுப்பில் தொண்டை கிழியச் சொல்கிறவன் நான். அவர் மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"நிச்சயம் ஆகாது சார்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வருஷம் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, மச்சானும் இளைத்துப்போய் வீடு திரும்பினார். இதில் நட்சத்திரத்துக்குப் பங்கில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் செய்தித்தாளைப் படித்து எரிச்சல் தாங்காத நாட்களில், மறுநாள் விடியுமுன் எழுந்து கிழக்கே ஒருமுறை எட்டிப்பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் ரயில்நிலையத்தில் அவரைப் பார்த்தேன். "நான் சொன்னேன் இல்லையா?" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"சொன்ன சார்" என்றார். "ஆனா அப்போ ரயிலெல்லாம் கரெக்ட் டயத்துக்கு வந்துது. உன் நட்சத்திரம்தான் ஒரு வருஷம் லேட்டு."